மூடி சேராத கிண்ணம்

அவருக்கு இடது பக்கத்தில் எப்போதும் ஒரு சுவர் இருக்க வேண்டும். கட்டிலை அப்படித்தான் போட்டிருக்கிறார். பேருந்தில் இடது சன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த வண்டிக்குக் காத்து நிற்பார். விருந்து வீட்டுக்குப் போனால் மூலை நாற்காலியைத் தேடிப் பிடிப்பதற்குள் பாதிப் பேர் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார்கள். "இடது பக்கம் திறந்திருந்தா உங்கள யாரு தூக்கிட்டுப் போகப்போறா? அப்படியே தூக்கினாலும் சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து விட்டுருவாங்க" என்று மனைவி கேலி செய்வாள். "காத்து அடிக்குது" என்பார். புழுக்கத்தில் ஊரே விசிறிக்கொண்டிருக்கும்போதும் அதே பதில்தான்.

காற்றும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. இடது பக்கத்தில் மச்சான் வந்து நிற்பான். மனைவியின் தம்பி. செத்து இருபத்துமூன்று வருடம் ஆகிறது. நீலச் சட்டை, கையில் எண்ணெய் துடைக்கிற பஞ்சு, முகத்தில் கோபம் என்பது துளியும் கிடையாது. அதுதான் கொடுமை. கோபமாக வந்து கழுத்தைப் பிடித்தால், பிடிக்கட்டும் என்று விட்டுவிடலாம். இவன் "மாமா, முடிஞ்சுதா?" என்று கேட்க வந்தவன் போலவே நிற்பான். திரும்பிப் பார்த்தால் இருக்க மாட்டான்.

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைக்கிற வேலையைத்தான் அவரே இத்தனை வருடம் பார்த்துவிட்டாரே, நான் வேறு எதற்கு?

தண்ணீர்ப் பம்பு செய்கிற தொழிற்சாலை. இருவரும் அங்கே இரும்பு கடைகிற லேத் ஓட்டினார்கள், அடுத்தடுத்த இயந்திரம். மச்சானை அவர்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டார். ஓர் இடத்தில் நிற்க மாட்டான் என்று அங்கே அவனுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தார்கள். லேத்தில், சுழலப்போகிற இரும்பைத் தாடைகளால் கவ்விப் பிடிக்கிற உருளைக்கு சக் என்று பேர். அந்தத் தாடைகளை இறுக்க ஒரு சாண் நீளத்தில் கனத்த சாவி ஒன்று உண்டு. இறுக்கியதும் கையோடு அதை உருவிவிட வேண்டும். உருவாமல் இயந்திரத்தைப் போட்டால், சக் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சாவி தெறித்துப் பறக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அதுதான். பதினைந்து வருடம் அவர் அதைத் தவறவிட்டதில்லை. ஒரு நாள் தவறவிட்டார். இரும்பை மாட்டினார், இறுக்கினார், சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனார். அவசர வேலையாயிற்றே, மாமா வருவதற்குள் ஒரு வெட்டுப் போட்டு வைப்போம் என்று பம்பரம் தன் இயந்திரத்தை விட்டு இங்கே வந்து சுவிட்சைப் போட்டான். சாவி நெற்றிப்பொட்டில் அடித்தது. வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து வந்தார்கள். "சாவிய யாரு விட்டது?"

"நான் எடுத்து வச்சிட்டுத்தான் போனேன், சார்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அதை அப்படியே எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்தவன் இயந்திரத்தில் கை வைத்தது, சாவியை எடுக்க மறந்தது, இரண்டும் செத்தவன் தலையில் விழுந்தன. செத்தவனா எழுந்து வந்து இல்லையென்று சொல்லப்போகிறான்?

அன்றோடு அவர் லேத்தைத் தொடவில்லை. கருவிகள் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். "மச்சான் போன துக்கத்துல மனுஷன் தொழிலையே விட்டுட்டாருப்பா" என்று எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ஸ்டோரில் ஒவ்வொரு சாவிக்கும் ஓர் ஆணி அடித்தார், ஆணிக்கு எண் போட்டார், பலகையில் சாவியின் உருவத்தைச் சிவப்பு வண்ணத்தில் வரைந்தார். ஆணியில் சாவி தொங்கினால்தான் அந்த எண்ணுள்ள இயந்திரம் ஓடலாம். தொங்காவிட்டால் ஸ்டோரிலிருந்து அவர் போடுகிற கூச்சலில் தொழிற்சாலையே நின்றுவிடும். ஓய்வு பெற்ற அன்று, இத்தனை வருடம் ஒரு விபத்துகூட இல்லாமல் பார்த்துக்கொண்டவர் என்று மேடையில் ஏற்றிக் கேடயம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதன் முகம் சுவரைப் பார்க்கும்படி பரண்மேல் போட்டார்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது மனைவியின் வாய். நல்ல பெண்பிள்ளை, வாயில்லாப் பூச்சிக்குக்கூடத் தீங்கு நினைக்கமாட்டாள். ஆனால் தம்பி விஷயத்தில் மட்டும் அவளுக்கு ஆறவே இல்லை. மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் குடையை மறந்துவிட்டு வந்தால், "மாமன் புத்தி அப்படியே வந்திருக்கு." பால் பொங்கி அடுப்பில் வழிந்தால், "என் தம்பி பார்த்துக்கிட்டிருந்தானோ என்னமோ." மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். இப்போதும் தொலைபேசியில் கடைசியாக அம்மா சொல்வது, "கேஸ மூடினியா பாரு. மாமன் மாதிரி இருக்காத." அந்தப் பிள்ளைக்கு மாமனைப் பற்றித் தெரிந்தது அது ஒன்றுதான், கவனமில்லாமல் செத்துப்போனவன்.

ஒவ்வொரு தடவையும் அவர் வாயைத் திறக்கப் பார்ப்பார். பிறகு செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொள்வார். சொன்னால் இவள் என்னை விட்டுப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவன் காலாகாலத்துக்கும் அறிவில்லாதவன் என்றே இருப்பான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மனுஷன் இருபத்துமூன்று வருடம் சோறு தின்று தூங்கி எழுந்தார்.

போன மாதம் அடித்த பேய்க்காற்றில் கொல்லைப்புறத்துக் கொய்யாமரம் வேரோடு சாய்ந்தது. பம்பரம் நட்ட மரம் அது. விறகுக்கு வெட்டிக்கொண்டிருந்தவனைத் தடுத்து, அடிமரத்தில் ஒரு துண்டை மட்டும் மனைவி எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அவன் கையால நட்டது, மொத்தமும் அடுப்புக்குப் போக மனசு வரல. ஒரு கிண்ணம் கடைஞ்சு மூடி போட்டுக் குடுங்க. அவன் கடிகாரம், போட்டோ எல்லாம் டப்பாவுல கெடக்கு. இதுல போட்டு வைக்கலாம்."

"நான் இரும்பு கடைஞ்சவன். மரத்தைப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

"இரும்பையே கடைஞ்சவருக்கு மரம் ஒரு பெரிய விஷயமா? வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டேன். அவனுக்கு உங்க மேல உசுரு."

அதற்குமேல் என்ன பேசுவது? மரத்துண்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பை இடது தோளில் தொங்கியது. நாலு எட்டு நடந்து, வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

மரக்கடைக்குப் பின்னால் ஒரு கடைசல் பட்டறை இருக்கிறது. கட்டில் கால், நாற்காலிக் கால், படிக்கட்டுக் கைப்பிடிக்கு உருளை என்று காலை முதல் சாயங்காலம் வரை ஒரு பெண் கடைந்துகொண்டிருப்பாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். தலைமுடியெல்லாம் மரத்தூள். வாயைத் திறந்தால் நக்கல்தான், ஆனால் கை சுத்தம். அவள் லேத்தில் ஒரு நாள் வேலை செய்ய அனுமதி கேட்டார்.

"தாராளமா செய்ங்கண்ணே. சும்மா நிக்குது பாருங்க, அது பழைய மெஷின்."

"சக் சாவி எங்க?"

"அங்கதான் எங்கயாவது கெடக்கும்."

குனிந்து, சீவல் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவிச் சாவியை எடுத்தார். மரத்தை மாட்டினார். இறுக்கினார். சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டார். பையைத் தொட்டுப் பார்த்தார். சக்கைப் பார்த்தார். சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனார். கையை எடுத்து மறுபடியும் பையைத் தொட்டுப் பார்த்தார். பட்டப்பகல், தெருவில் ஆள் நடமாட்டம், பக்கத்தில் ரம்பம் ஓடுகிற சத்தம். இருந்தும் முதுகில் வியர்வை ஊற்றியது. இங்கே இடது பக்கம் சுவர் கிடையாது. வெறும் தரைதான், வாசல் வரைக்கும்.

ஏழாவது தடவை பையைத் தொட்டபோது அந்தப் பெண் தன் இயந்திரத்தை நிறுத்தினாள். "அண்ணே, பேசாம அந்தச் சாவிய முழுங்கிடுங்க. நிம்மதியா வேல பாக்கலாம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாக்கிலேயே சுவிட்சைத் தட்டிவிட்டார்.

இரும்பு லேத்தில் உளியை இயந்திரம் பிடித்துக்கொள்ளும், மனிதன் கைப்பிடியைச் சுற்றினால் போதும். இங்கே உளியை மனிதன்தான் பிடிக்க வேண்டும். முதலில் மரம் உளியைக் கடித்து இழுத்தது. தோள்பட்டை வரை அதிர்ந்தது. "கீழ இருந்து மெல்லக் கொண்டாங்க. சண்டைக்குப் போகாதீங்க" என்றாள் அவள். கொண்டுபோனார். சீவல் ஈரமாக, நீள நீளமாக, மணிக்கட்டில் வந்து சுருண்டது. கொய்யாவின் வாசனை கமகமவென்று எழுந்தது. வெளிப்புறம் உருண்டு வந்ததும் திருப்பி மாட்டி உள்ளே குடையத் தொடங்கினார். சும்மா சொல்லக்கூடாது, பழைய கை பழைய கைதான். ஒரு மணி நேரம் அவருக்கு எதுவும் நினைவில்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

அவர் காலிப்பரை எடுத்து வாய் அளவைப் பார்ப்பதைக் கண்டு அவள் எழுந்து வந்தாள். "இப்பவே அளவுக்குக் கொண்டாராதீங்கண்ணே, பச்ச மரம். தடிமனா குடைஞ்சு ஆறு மாசம் நெழல்ல போட்டுருங்க. நல்லாக் காய்ஞ்சப்புறம் ரெண்டாவது தடவ கடைஞ்சு மூடி போடுங்க."

"ஆறு மாசமா? நான் தலைமுடி கனத்துல பாதி தப்பினாக்கூட வேலைய ஒதுக்கிடுவாங்க, அந்த மாதிரி எடத்துல வேல பாத்தவன்மா."

"அது இரும்பு. இரும்பு சொன்ன எடத்துல நிக்கும். மரம் வெட்டிப் போட்டப்புறமும் நகந்துகிட்டே இருக்கும்."

அவருக்குத் தொழில் கர்வம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. இரண்டாவது தடவை இந்த இயந்திரத்துக்கு முன்னால் வந்து நிற்க அவரால் முடியாது. இன்றே முடித்துத் தலைமுழுகிவிட வேண்டும். கிண்ணத்தின் வாயையும் மீதித் துண்டில் கடைந்த மூடியின் விளிம்பையும் இரும்புக்குப் பார்ப்பது போலவே அளந்து, உரசி, மறுபடி அளந்தார். கடைசியில் மூடியை வைத்தபோது உள்ளிருந்த காற்று உஸ்ஸென்று வெளியேறி, மூடி தானாகவே மெல்ல இறங்கி உட்கார்ந்தது. பம்பு செய்கிற காலத்தில் அந்தச் சத்தத்துக்காகவே அவர் வேலை பார்த்திருக்கிறார்.

மூடியோடு சேர்த்து ஒரு தடவை ஓட்டி, மேலே உப்புத்தாள் தேய்த்துவிட்டுச் சுவிட்சை அணைத்தார். வேகம் குறைந்து, சக் ஓய்ந்து, கடைசிச் சுற்றுக்கு வந்தபோது இடது காதோரம் கேட்டது: "மாமா, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாப்ள" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"யாருகிட்டண்ணே பேசுறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கிண்ணத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, சாவியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வெளியேறினார்.

மனைவிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகப் பொழுதை ஓட்டினாள். கடிகாரத்தையும் போட்டோவையும் உள்ளே வைத்து, சன்னலோரம் மேசையில் இருத்தினாள். அவருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஏதோ ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டோம், இனி அவன் வரமாட்டான் என்று பைத்தியக்காரத்தனமாக நம்பினார்.

நாலாவது நாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார். மேசை பக்கம் டக், டக் என்று சத்தம் கேட்டது. மனைவி மூடியைக் கிண்ணத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தாள். வெயிலில் காய்ந்து கிண்ணத்தின் வாய் நீள்வட்டமாகிவிட்டது. மூடி ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"என்னங்க இது? அன்னைக்கு எப்படி உக்காந்துச்சு!" என்றவள், அவர் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க சரியாத்தான் செஞ்சிருப்பீங்க. மரம் யாரு வச்சது? அவனுக்கு எது உருப்படியா நின்னுச்சு, இது நிக்க? கவனங்கெட்ட பய."

"அவனச் சொல்லாத."

"சொல்லாம? சாவிய எடுக்கணும்னு சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அவன் விடல." குரல் அவருடையதாகவே இல்லை. "சாவிய விட்டது நான்."

அவள் மூடியைப் பிடித்தபடியே நின்றாள்.

"வேலைய மாட்டி இறுக்கிட்டு, சாவியோட விட்டுட்டுப் போனேன். கேட்டப்போ எடுத்து வச்சேன்னு பொய் சொன்னேன். கவனங்கெட்டவன் நான்தான். அவன் பூட்டுன பூட்ட மூணு தடவ இழுத்துப் பாக்கறவன், உனக்கே தெரியும்."

"அப்ப ஏன் பாக்கல?" அவள் குரல் உயரவே இல்லை. "அவ்வளவு பாக்கறவன் அன்னைக்கு ஏன் சாவிய மட்டும் பாக்கல?"

"என் மெஷின்ல சாவி இருக்காதுன்னு அவனுக்குத் தெரியும். பதினஞ்சு வருஷத்துல ஒரு நாளும் நான் விட்டதில்ல. வேற யாரு மெஷினா இருந்தாலும் பாத்திருப்பான். என்னோடதுன்னுதான் பாக்கல."

வெளியே தெருவில் யாரோ மிதிவண்டி மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அவள் மூடியை மேசைமேல் வைத்தாள்.

"சாவிய விட்டுட்டு அப்படி எங்க போனீங்க?"

அன்றைக்கு அவர் தொலைபேசி எடுக்கத்தான் போயிருந்தார். வீட்டிலிருந்து போன் என்று அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். போன் செய்தவள் இவள்தான். வரும்போது ஒரு பல்பு வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். பல்பு என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் உள்ளே லேத் பக்கம் சத்தம் கேட்டது. அந்த போனும் விபத்தும் ஒரே நேரம் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. இருபத்துமூன்று வருடமாகச் சேர்த்து வைத்த உண்மையையெல்லாம் கொட்டிவிடுவது என்று வாயைத் திறந்த மனிதர், அந்த ஒரு துண்டை மட்டும் விழுங்கிக்கொண்டார்.

"தண்ணி குடிக்க" என்றார்.

அவள் தலையசைத்தாள். அழவில்லை, ஏசவில்லை. "கடைசியா அவன் மூஞ்சியப் பாத்து நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? எல்லாரும் அழுதாங்க. நான் 'அறிவு கெட்டவனே'ன்னேன். அதோட அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லீங்க நான். கோவத்துலயே இருந்துட்டேன். கோவப்பட வச்சுட்டீங்க."

"ஏம்மா…" என்று ஓர் எட்டு எடுத்து வைத்தார்.

"வராதீங்க." கையை நீட்டித் தடுத்தாள். "நீங்க வெளிய இருங்க. இது எனக்கும் அவனுக்கும்."

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டது. அவருடைய முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் கேட்டிராத அழுகை அது. தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சின்ன வயதில் அவனைக் கூப்பிடுகிற ஏதோ ஒரு செல்லப் பெயரையும் சொன்னாள், அது அவருக்கே தெரியாத பெயர். என்னை மன்னிச்சிருடா என்றாள். நடுநடுவே தணிந்த குரலில் ஏதோ கேட்பாள், பதிலுக்குக் காத்திருப்பவள் போல நிறுத்துவாள், மறுபடி பேசுவாள். அவர் தன் இடது பக்கத்தைப் பார்த்தார். படியில் வெயில் மட்டும் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தும் யாரும் வந்து நிற்கவில்லை. வந்து நின்றால் தேவலை என்று அவருக்கு முதல் முறையாகத் தோன்றியது.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தாள். கண் இரண்டும் வீங்கிப்போய்க் கிடந்தன. மூட்டை முடிச்சு எதுவும் கையில் இல்லை என்பதை அவர் முதலில் பார்த்தார். அந்த நேரத்திலும் அதைத்தான் பார்த்தார், பாவி மனுஷன்.

"ஞாயித்துக்கிழம பொண்ணு வர்றா" என்றாள். "அவகிட்ட நீங்களே சொல்லுங்க. மாமன் எப்படிப்பட்டவன்னு சொல்லணும், நீங்க என்ன செஞ்சீங்கன்னும் சொல்லணும். பேரப்பிள்ளைங்க முன்னாடி சொல்லுங்க. நான் ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்க மாட்டேன்."

"சொல்றேன்" என்றார்.

அவள் இன்னும் எதையோ சொல்லப்போவது போல நின்றாள். அவரும் காத்திருந்தார். பிறகு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தம்பியோடு பேசத் தொடங்கினாள்.